குசினிப் புகையும் வாடகை வீடும்



சென்ற மாதம் அன்னதானம் முடிந்து பாத்திரங்கள் கழுவிக்கொண்டிருந்தபோது, தொண்டர்களில் ஒரு தம்பி என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். அவர் குடியிருந்த வாடகை வீட்டை விட்டு வெளியேறியபின், வைப்புப் பணத்தில் 180 பவுண் கழிக்கப்போவதாக வீட்டு முகவர் எழுதியிருந்தார். அடுப்புக்கு மேலே பூட்டியிருக்கும் புகையிழுக்கும் விசிறியின் பில்ற்றர் ஒருநாளும் கழுவப்படவில்லை, கூரையில் எண்ணெய்க் கறை, வீடு முழுவதும் கறி மணம் என்பனவே காரணங்கள்.

"அண்ணை, அதுக்குள்ள பில்ற்றர் எண்டு ஒண்டு இருக்கெண்டே எனக்குத் தெரியாது" என்றார் தம்பி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல வருடங்களுக்கு முன் நானும் இதே வார்த்தையைச் சொல்லி இதே போலப் பணம் இழந்தவன். கணக்கு எழுதுவதே என் தொழில். ஆனால் அன்று என் கையில் ஒரு படமோ ஒரு பற்றுச்சீட்டோ இருக்கவில்லை. எனவே இம்முறை கணக்கியலை ஒதுக்கிவிட்டு, வாடகை வீட்டில் இருக்கும் எம்மவர் எல்லோருக்கும் பயன்படக்கூடிய இச்சிறு பாடத்தை எழுதுகிறேன்.

பில்ற்றர் என்ன செய்கிறது?

நாம் தாளிக்கும்போதும் கத்தரிக்காய், வாழைக்காய் பொரிக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் நீராவியோடு மேலே எழுகின்றன. விசிறி இவற்றை இழுக்கும்போது எண்ணெய் பில்ற்றரிலே தங்கிவிடுகிறது. பில்ற்றர் அடைத்துவிட்டால் விசிறி சத்தம் போடுமே தவிரக் காற்றை இழுக்காது. அந்த எண்ணெய் பின்னர் கூரையிலும் அலுமாரிகளிலும் படியும். நீராவி சுவரில் ஈரமாகிப் பூஞ்சணம் பிடிக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து நெருப்பு. எண்ணெய் ஊறிய பில்ற்றர் சட்டிக்கு நேர் மேலே தொங்குகிறது. சட்டியில் நெருப்புப் பிடித்தால் அது மேலே தாவி விசிறிக்குள் போக இதுவே வழி. அப்படி நெருப்புப் பிடித்தால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக்கூடாது. சட்டியைத் தூக்கவும் கூடாது. ஆபத்தில்லாமல் முடியுமானால் அடுப்பை நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியேறி 999 ஐ அழைக்க வேண்டும்.

உங்கள் விசிறி எந்த வகை?

முதலாவது, புகையைக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளும் வகை. இதற்கு எண்ணெயைப் பிடிக்கும் பில்ற்றர் மட்டும் போதும்.

இரண்டாவது, காற்றை இழுத்து, வடித்து, மீண்டும் குசினிக்குள்ளேயே விடும் வகை. மாடிக் குடியிருப்புகளில் இதனைப் பெரும்பாலும் காணலாம். இதில் எண்ணெய்ப் பில்ற்றருக்குப் பின்னால் மணத்தைப் பிடிக்கும் காபன் பில்ற்றரும் இருக்கும். இந்த வகை நீராவியை வெளியேற்றுவதில்லை. ஆகவே குளிர்காலமானாலும் சமைக்கும்போது யன்னலைச் சிறிது திறந்துவைக்க வேண்டும்.

எந்த வகை என்று அறிய, விசிறியைப் போட்டுவிட்டு அதன் மேற்புறத்திலோ முன்புறத்திலோ கையை வைத்துப் பாருங்கள். காற்று உங்கள் கையில் அடித்தால் அது இரண்டாவது வகை. சரியாக இழுக்கிறதா என்று பார்க்க, ஒரு மெல்லிய ரிசுக் கடதாசியைப் பில்ற்றரில் பிடித்துவிடுங்கள். கடதாசி ஒட்டிக்கொண்டு நின்றால் நன்று. விழுந்தால் உங்களுக்கு வேலை இருக்கிறது.

எண்ணெய்ப் பில்ற்றரைக் கழுவும் முறை

1. அடுப்பு முற்றாக ஆறியபின், விசிறியின் மின்சாரத்தைச் சுவர்ச் சுவிச்சில் நிறுத்துங்கள். அடுப்பின் மேல் பழைய பத்திரிகையை விரியுங்கள்.

2. ஒரு கையால் பில்ற்றரைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கொளுவியை அழுத்துங்கள். எண்ணெய் வழியலாம், சரிக்காமல் இறக்குங்கள்.

3. உலோக வலையானால், பாத்திரம் கழுவும் திரவம் கலந்த சூடான தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, மென்மையான தூரிகையால் தேய்த்து அலசுங்கள். பெரும்பாலானவை அலுமினியத்தால் ஆனவை. எனவே கோஸ்ரிக் சோடாவோ அவண் கழுவும் காரத் திரவமோ பாவிக்க வேண்டாம். அவை அலுமினியத்தை அரிக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் நிறம் மங்கலாம். வேலையில் குறை வராவிட்டாலும், வீட்டுக்காரர் கண்ணுக்கு அது பழுதாகத் தெரியும்.

4. நன்றாக உலர்ந்தபின்னரே திரும்பப் பூட்டுங்கள்.

சில பழைய விசிறிகளில் வலைக்குப் பதிலாகக் கடதாசி போன்ற வெள்ளைத் தாள் இருக்கும். அதைக் கழுவ முடியாது. வாங்கி மாற்றத்தான் வேண்டும். கடைகளில் பெரிய தாளாக வாங்கி, பழையதை அளவாக வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளலாம்.

காபன் பில்ற்றரை மாற்றும் முறை

சாதாரண காபன் பில்ற்றரைக் கழுவினால் பயனில்லை. மணம் பிடித்து நிறைந்தபின் அது வெறும் கரி. எண்ணெய்ப் பில்ற்றரைக் கழற்றியதும் உள்ளே மோட்டரின் பக்கத்தில் வட்டமாகவோ நீள்சதுரமாகவோ இருக்கும். வட்டமானவை பெரும்பாலும் இடப்பக்கம் திருகினால் கழன்றுவரும். கடைக்குப் போகுமுன் உட்புறத் தகட்டில் உள்ள மொடல் இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். பில்ற்றரின் அளவை மில்லிமீற்றரில் எடுங்கள். கண் மட்டத்தில் வாங்கினால் பொருந்தாது.

எப்போது மாற்றுவது? நாளாந்தம் தாளித்துப் பொரிக்கும் வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. இதை மறக்காதிருக்க எமது நாட்காட்டியே வழி சொல்கிறது. தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, ஆடிப்பிறப்பு, தீபாவளி ஆகிய நான்கும் ஏறக்குறைய மூன்று மாத இடைவெளியில் வருகின்றன. பெருநாளுக்கு வீடு கழுவும்போது காபனையும் மாற்றிவிடுங்கள். உலோக வலையை மாதம் ஒருமுறை, வாடகை கட்டும் கிழமையில் கழுவுங்கள்.

யார் பொறுப்பு? யார் செலவு?

இங்கு கூறும் சட்ட விடயங்கள் இங்கிலாந்துக்கு உரியவை.

குடியிருப்பவர் வீட்டை ஒழுங்காகப் பேண வேண்டும் என்பது பழைய சட்டக் கொள்கை. 1953 இல் வாரன் எதிர் கீன் என்ற வழக்கில் நீதியரசர் டெனிங், புகைபோக்கியைத் துப்புரவாக்குவதும் அடைபட்ட தொட்டியைச் சரிசெய்வதும் குடியிருப்பவரின் சிறு வேலைகள் என்று விளக்கினார். இன்றைய குசினிக்குப் புகைபோக்கி இந்த விசிறிதான். ஆகவே கழுவுவது எமது கடமை என்று எடுத்துக்கொள்வதே புத்தி. புதிய பில்ற்றரின் செலவை யார் ஏற்பது என்பதற்கு ஒப்பந்தத்தைப் பாருங்கள். தெளிவில்லையானால் எழுத்தில் கேளுங்கள். மோட்டர் பழுது, வயர் பழுது என்றால் நாமே திறக்கக்கூடாது. உடனே வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். "ஏன் வம்பு, எழுப்பிவிடுவார்களோ" என்று பயந்து எம்மவர் பலர் எழுதாமல் விடுகிறார்கள். பணிவாக எழுதிய கடிதம் வம்பு அல்ல. பின்னர் எம்மைக் காப்பாற்றுவது அதுதான்.

2007 ஏப்ரல் முதல், பொதுவான தனியார் வாடகைகளில் வைப்புப் பணத்தை அங்கீகரிக்கப்பட்ட திட்டம் ஒன்றில் பாதுகாக்க வேண்டும். பணம் பெற்று 30 நாட்களுக்குள் அதன் விபரத்தைத் தரவும் வேண்டும். கழிவில் தகராறு வந்தால் அத்திட்டத்தின் இலவசத் தீர்வுச் சேவையை நாடலாம். கழிக்க நினைப்பவரே ஆதாரம் காட்ட வேண்டும். 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்த வாடகையாளர் கட்டணச் சட்டத்தின்படி, வெளியேறும்போது துப்புரவு நிறுவனத்துக்குப் பணம் கட்டும்படி கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் குடிவந்தபோது இருந்த அளவு துப்புரவாக வீட்டைத் திரும்பக் கொடுக்க வேண்டும். சாதாரண தேய்மானம் மட்டும் விலக்கு.

கறி மணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறி மணம் ஒட்டிக்கொள்கிறது என்று கூறி வெள்ளையர் அல்லாதோருக்கு வீடு கொடுக்க வேண்டாம் என்று கென்ற் பகுதியின் வீட்டு உரிமையாளர் ஒருவர் முகவர்களுக்கு அறிவுறுத்தியிருந்தார். சமத்துவ மற்றும் மனித உரிமைகள் ஆணைக்குழு தொடுத்த வழக்கில், 2017 நவம்பரில் மெயிட்ஸ்ரன் நீதிமன்றம் அது சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்தது. எமது சமையலுக்காக நாம் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் அந்த உரிமை பில்ற்றரைக் கழுவித் தராது.

ஆதாரம் வைத்திருங்கள்

கணக்காளன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இதுதான்:

• குடிபுகும் நாளிலேயே பில்ற்றரைக் கழற்றி, உள்ளும் புறமும் திகதியுடன் படம் எடுங்கள்.

• பொருட்பட்டியலில் அதன் நிலை எழுதப்படாவிட்டால், எழுதச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள்.

• பில்ற்றர் வாங்கிய பற்றுச்சீட்டுகளை ஒரே உறையில் போடுங்கள்.

• வெளியேறும் நாளில் மீண்டும் படம் எடுங்கள்.

தம்பியின் கதைக்கு வருவோம். நாங்கள் இருவரும் ஆலய மண்டபத்தில் இருந்தே பதில் எழுதினோம். பில்ற்றரைக் கழுவாதது தன் தவறு என்று ஒப்புக்கொண்டு, புதியதன் விலையை ஏற்பதாகத் தம்பி எழுதினார். கூரைக் கறை அவர் வருமுன் இருக்கவில்லை என்பதற்கான படத்தைக் கேட்டோம். முகவரிடம் அப்படி ஒரு படம் இருக்கவில்லை. 180 பவுண் 25 ஆகக் குறைந்தது. நியாயமான 25 ஐத் தம்பி மனமுவந்து கொடுத்தார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, அடுப்பு ஆறியபின், ஒருமுறை மேலே பாருங்கள்.

எல்லாம் வல்ல அம்பாளின் அருள் எல்லோர் இல்லங்களிலும் நிறைவதாக.