விறைப்புக் குறைபாட்டுக்கு மாத்திரையா? விழுங்கும் முன் கவனியுங்கள்

1. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். விறைப்புக் குறைபாடு, சர்க்கரை நோய்க்கோ இதய நோய்க்கோ முன்னறிவிப்பாக இருக்கலாம்.

2. நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் விறைப்பு மாத்திரையைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

3. பிராஸ்டேட், ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிலவற்றோடு சேர்ந்தால் தலைசுற்றி விழ நேரிடும்.

4. உங்கள் மாத்திரை சில்டெனாஃபில் என்றால் எண்ணெய்ப் பலகாரம், பிரியாணிக்குப் பின் போடாதீர்கள். கொழுப்பு உணவு மருந்தின் வேலையைத் தாமதமாக்கும்.

5. பலன் தெரியவில்லையென்று அன்றே இன்னொன்று போடாதீர்கள். பக்கவிளைவுதான் கூடும்.

6. மது வேண்டாம். அதுவும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், விறைப்பையும் கெடுக்கும்.

7. ‘மூலிகை’ என்று விற்கும் பெயர் தெரியாத லேகியம், பொடிகளைத் தவிருங்கள். சிலவற்றில் இதே மருந்தை அளவில்லாமல் கலந்திருப்பார்கள்.

8. நெஞ்சுவலி, திடீர்ப் பார்வை இழப்பு, 4 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பு: எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரையின் பெயரையும் போட்ட நேரத்தையும் சொல்லுங்கள். எந்த மருந்து தரக்கூடாது என்று அங்கே தெரிய வேண்டும்.