குளிரூட்டும் வாயுவும் நாட்டுச் சட்டமும்

குடியாத்தத்து வேனிலை அறிந்தவர்க்குக் குளிரூட்டும் பொறி ஆடம்பரப் பொருளன்று என்பதை விளக்க வேண்டுவதில்லை. பாலும் மருந்தும் கெடாமற் காப்பதும், நோயுற்றோர் இரவிற் கண்ணயர உதவுவதும் அதுவே. ஆயினும், நம்மைக் குளிர்விக்கும் அப்பொறியினுள்ளே உலகை வெதுப்பும் வாயு உறைகின்றது. அதனைச் சட்டம் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றது என ஈண்டு ஆராய்வோம்.

பண்டு வழங்கிய குளோரோஃபுளோரோகார்பன்கள் வானத்து ஓசோன் படலத்தை அரித்தன. அவற்றை விலக்குவதற்கு 1987இல் மான்ட்ரீல் உடன்படிக்கை எழுந்தது. இந்தியா 1992இல் அதனிற் சேர்ந்து, 2000இல் விதிகளும் வகுத்தது. பின்னர் மாற்றாக வந்த ஹைட்ரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனைத் தீண்டா. ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றல் மிக்கன. ஆர்-410ஏ என்னும் வாயு ஒரு கிலோ வெளியேறின், நூறாண்டுக் கணக்கில், ஏறத்தாழ 2,088 கிலோ கரியமில வாயுவுக்கு ஒப்பான வெப்பத்தை விளைக்கும். ஆர்-32க்கு அவ்வெண் 675. புரோப்பேனுக்கு மிகச் சிறிது. ஆயின் அது தீப்பற்றும் இயல்பினது.

ஆதலின் 2016 அக்டோபரில், ருவாண்டா நாட்டுக் கிகாலி நகரிற் கூடிய நாடுகள் இவ்வாயுக்களையும் அவ்வுடன்படிக்கையுட் சேர்த்தன. இந்தியா 2021 செப்டம்பரில் இத்திருத்தத்தை ஏற்றது. அதன்படி நம் நாட்டின் நுகர்ச்சி 2028இல் ஒரு வரம்பினுள் நிறுத்தப்படல் வேண்டும். அவ்வரம்பினின்று 2032இல் 10 விழுக்காடும், 2037இல் 20உம், 2042இல் 30உம், 2047இல் 85உம் குறைதல் வேண்டும்.

நுகர்ச்சி என்பது யாது? உள்நாட்டில் ஆக்கியதோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து நிற்பதாம். எனவே கணக்கு ஆலையிலும் துறைமுகத்திலும் முடிந்துவிடுகின்றது. வாயுவோ நம் மொட்டைமாடியில் வெளியேறுகின்றது. கசிவை அடைக்காது மீண்டும் மீண்டும் கேஸ் நிரப்பினும், பழுது பார்க்கையில் எஞ்சியதைக் காற்றில் திறந்துவிடினும், பழைய பொறியின் குழாயைப் பழைய இரும்புக் கடையில் வெட்டினும், தடுப்பார் அருகில் இலர். அரசு 2019இல் வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம், ஒரு லட்சம் தொழிலாளர்க்குப் பயிற்சி அளிக்கக் கருதியது இக்குறை பற்றியே.

ஆயின் பயிற்சி மட்டும் போதுமோ? எஞ்சிய வாயுவை உருளையில் மீட்பதற்குக் கருவி வேண்டும், நேரமும் வேண்டும். வேலைக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் மெக்கானிக் அச்செலவைத் தாமே தாங்குதல் இயலாது. விரைவில் முடிக்கவும், குறைந்த கூலி பெறவும் அவரை வற்புறுத்துவோர் நாமே.

நம் பாலாற்றில் தோல் பதனிட்ட கழிவுநீர் கலந்தது யாவரும் கண்ணாற் கண்ட தீங்கு. அதற்கே உச்சநீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. கெடுத்தோரே ஈடு செலுத்தல் வேண்டும் என்னும் நெறியை அம்மன்றம் 1996இல் நிலைநாட்டியது. கண்ணுக்குப் புலனாகாத வாயுவுக்காக வழக்காடுவார் யார்? அந்நெறியை நம் வீட்டளவில் நாமே மேற்கொள்ளல் தகும். கசிவை முதலில் அடைக்கச் சொல்வதும், வாயுவை மீட்பதற்குரிய கூலியை மனமுவந்து கொடுப்பதும் கற்றவர் கடன். சட்டத்தின் எஞ்சிய பாதி நம் கையிலேயே உளது.