கரடியைப் பிடித்துவிட்டால் போதுமா?

கணபதி, கோவை

அன்புள்ள அம்மணிக்கு,

கோத்தகிரியில் கரடி நடமாட்டம் என்று செய்தி வரும்போதெல்லாம், கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவான காட்டில் விட்டுவிடலாமே என்கிறாய். அதனால் தீராது என்பது என் கட்சி. நீலகிரியில் இருப்பது தேன்கரடி. மேல்தாடையின் நடு முன்பற்கள் இரண்டும் அதற்குக் கிடையாது. அந்தச் சந்து வழியாகத்தான் கறையானை உறிஞ்சும். புற்றைப் பெயர்க்க நீண்ட வளைந்த நகங்கள்; மண் ஏறாமல் மூக்கை மூடிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். புற்று, தேன், நாவல், பலா என்று இரவெல்லாம் அலைந்து வயிற்றை நிரப்பும் விலங்குக்குக் கோயில் விளக்கில் எண்ணெயும் சமையலறையில் வெல்லமும் ஒரே இடத்தில் கிடைத்தால் விடுமா? ஒரு கரடியை அப்புறப்படுத்தினாலும் எண்ணெய் அங்கேயே இருக்கிறது. அந்த வாசம் அடுத்த கரடியை இழுத்துவரும்.

உணவை எட்டாமல் வைப்பதுதான் வழி; அதற்கும் ஒரு முன்னனுபவம் உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் பழுப்புக் கரடிகள் பல பத்தாண்டுகள் குப்பைமேட்டில் தின்றே வளர்ந்தன. 1970 வாக்கில் அந்த மேடுகளைச் சட்டென்று மூடினார்கள். படிப்படியாக மூடுங்கள் என்று அங்கே கரடிகளை ஆராய்ந்த கிரெய்க்ஹெட் சகோதரர்கள் சொன்னதை நிர்வாகம் ஏற்கவில்லை. பசியோடு முகாம்களுக்குள் வந்த கரடிகள் பல கொல்லப்பட்டன. 1975ல் அவற்றைச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டிகளும் உணவைப் பூட்டிவைக்கும் விதியும் வந்து, கொல்வதும் குறைந்த பிறகே எண்ணிக்கை மெல்ல ஏறியது. உணவை மறைப்பது சரியான வழிதான், ஆனால் அவசரப்பட்டதற்கு விலை கொடுத்தது கரடி.

ஆளை அடித்துப்போட்டால் என்ன செய்வது என்று நீ கேட்பாய். அந்தப் பயம் பொய்யல்ல. புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்த இந்த இனம், திடீரென்று எதிர்ப்பட்டால் ஓடுவதைவிடப் பாய்வதையே நம்புகிறது. குட்டியைச் சுமக்கும் தாய் இன்னும் கடுமை. அதனால்தான் திடீர்ச் சந்திப்பைக் குறைக்க வேண்டும் என்கிறேன். அந்தச் சுமையைத் தேயிலை பறிக்கும் கூலிக்காரர்கள் தலையில் கட்டுவது அநியாயம். லைன் வீடுகளை ஒட்டிய புதரை வெட்டுவதும், தெருவிளக்கு போடுவதும், குப்பையை இருட்டுவதற்குள் அள்ளுவதும் தோட்ட நிர்வாகமும் உள்ளாட்சியும் செலவழித்துச் செய்ய வேண்டியவை. கோயில் எண்ணெயை இரவில் இரும்புப் பெட்டியில் பூட்டிவைப்பதை மட்டும் ஊர்க்காரர்களிடம் கேட்கலாம்.

அன்புடன்,
பெரியப்பா