மரக்காணத்தில் முதலில் இறங்குங்கள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்கள் ஆலம்பரைக் கோட்டையில் நின்று படம் எடுத்துக்கொண்டு நேரே புதுச்சேரிக்குப் போய்விடுகிறார்கள். எக்கியார்குப்பத்துக்கு என்னைத் தேடி வரும் நண்பர்களை நான் தலைகீழாக அழைத்துப் போவேன். முதலில் மரக்காணத்து உப்பளம், பிறகு கோயில், கடைசியில்தான் கோட்டை.

உப்பளத்துக்கு விடியும்போதே போய்விட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வாரி முடித்துவிடுவார்கள். வரப்பு ஒற்றையடி அகலம்தான். ஒருமுறை நண்பர் படம் பிடிக்கிற ஆசையில் இறங்கப் போனார். "பாத்தியில கால வச்சிடாத தம்பி, உப்பெல்லாம் மண்ணா பூடும்" என்று ஓர் அம்மா அதட்டினார். பலகையால் இழுக்க இழுக்க, கலங்கிய நீருக்கடியிலிருந்து வெள்ளையாகக் குவிந்துகொண்டே வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் இதெல்லாம் கிடையாது; வெறும் தண்ணீர்தான். அப்போது கழுவெளி ஏரிக்குப் பறவை பார்க்கப் போகலாம்.

அடுத்து பூமீஸ்வரர் கோயில். இங்குள்ள சோழர் காலக் கல்வெட்டுகளில் உப்பளங்களும் வருகின்றன. பத்து, பதினோரு மணிக்கு வெயில் சுவரை ஒட்டிச் சாய்ந்து விழும். எழுத்து தானாக எடுப்பாகத் தெரியும். சாக்குக்கட்டி, மாவு எதையும் தேய்க்காதீர்கள். நிழல் விழுந்துவிட்டால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும்.

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். ஆலம்பரை இருப்பதும் அதே இடைக்கழிநாட்டில். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு கோட்டைக்குப் போனால் பார்வையே வேறாகிவிடும்.

ஆலம்பரையில் துறைமுகம் இருந்தது, நாணயச்சாலை இருந்தது. இந்தப் பக்கத்து உப்பும் அங்கிருந்து கப்பலேறியது. 1750இல் தக்காணச் சுபேதார் முசாபர் ஜங் கோட்டையைப் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேவுக்குக் கொடுத்தார். 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். மிச்சத்தை 2004 சுனாமி இன்னும் கொஞ்சம் ஆட்டிவிட்டது. இடிந்த சுவரின் குறுக்குவெட்டில் தட்டைச் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் அடுக்கடுக்காகத் தெரியும். கோட்டையில் நான் அதிகம் நிற்கும் இடம் அதுதான். மாலையில் மீனவர்களிடம் கேட்டால் படகில் கழியைத் தாண்டி மணல்திட்டுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். கூலியை ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

சுவர் மேல் ஏறாதீர்கள், காரை விட்டுப்போயிருக்கிறது. உப்பளத்தில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது; குடையும் தண்ணீரும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.