முதுமைக்கும் உண்டு மெயின்டனன்ஸ்!

ஓடாத மெஷின் துருப்பிடிக்கும் என்று ஒர்க்‌ஷாப்பில் தினமும் கேட்கிறோம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவை யாராவது நினைத்தோமா? நான் நினைக்கவில்லை.

என் தாத்தா முப்பது வருடம் லேத் ஓட்டியவர். காது மந்தமானதும் அவரிடம் பேசுவதையே விட்டுவிட்டோம். போன வருடம் கடைக்குப் போனவர், வீட்டுக்கு வழி தெரியாமல் தெருமுனையில் நின்றார். "வயசாச்சுல்ல, விடுப்பா" என்றார்கள். எனக்கு விட மனசில்லை. தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் முதியவர்கள் 120 பேரை வைத்து நடந்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. வாரம் மூன்று நாள் நடந்தவர்களுக்கு, நினைவுக்கு ஆதாரமான 'ஹிப்போகேம்பஸ்' ஒரே வருடத்தில் சுமார் 2 சதவீதம் வளர்ந்ததாம்! உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கோ அது சுருங்கியது. பின்லாந்தில் 1260 பேரிடம் நடந்த ஆய்வில் (2015) நல்ல உணவு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, ரத்த அழுத்தக் கவனிப்பு எல்லாம் சேர்த்து இரண்டு வருடம் கொடுத்ததில் சிந்திக்கும் வேகம் கூடியது. 'லான்செட்' குழு 2024-ல் சொன்ன 14 மறதிநோய் அபாயங்களில் காது கேளாமையும் தனிமையும் உண்டு. எனக்குச் சுருக்கென்றது.

டாக்டரிடம் காட்டி, காது மெஷின் வாங்கினோம். சாயங்காலம் இருவரும் நடக்கிறோம். ஒருநாள் என் டிராயிங்கை நீட்டினேன். "டாலரன்ஸ் எங்கடா? லேத்துக்காரன் ஜோசியமா பார்ப்பான்?" என்றார்! இப்போ ஞாயிறானால் எங்க செட் பசங்க நாலு பேர் திண்ணையில் ஆஜர்.

மறதி போய்விடவில்லை. நேற்றுகூட என்னைச் சித்தப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.