கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்

தென்காசிக்கு மேற்கே முகிலைத் தொட்டு நிற்பது திரிகூடமலை. ஆனி, ஆடித் திங்கள்களில் மேல்காற்று வீசத் தொடங்கியதும் குற்றாலத்து அருவி ஆர்த்து வீழும். தென்காசித் தெருக்களிலும் சாரல் சிதறும். அருவியில் தலை கொடுத்து நிற்பவர், உடலின் அழுக்கு நீங்குவதோடு உள்ளமும் குளிர்ந்து மீள்வர். நல்ல நகைச்சுவையின் இயல்பும் இத்தகையதே. அது மகிழ்வூட்டும், மன மாசினையும் கழுவும்.

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடைப்பட்ட மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர், தம் குற்றாலக் குறவஞ்சியுள் சிங்கனையும் அவன் துணைவன் நூவனையும் படைத்துக் கற்பாரை நகைக்கச் செய்தார். இம்மலைத் தொடரின் அடிவாரத்து ஊர்களில், கோயிற் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு ஒலிக்கும். கதைக்கு நடுவே நகைச்சுவை கலந்து மக்களுக்கு அறிவு புகட்டுவது அக்கலையின் மரபு. அம்மரபைத் திரைப்படத்துக்குக் கொண்டு சென்றவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

இம்மலைத் தொடரின் தென்கோடியில் உள்ளது நாஞ்சில் நாடு. அங்கே நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். வறுமையால் அவருடைய பள்ளிக் கல்வி தொடக்க நிலையிலேயே நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற அச்சிறுவர், மேடையில் நிகழ்வனவற்றைக் கூர்ந்து நோக்கி மனத்துட் பதித்துக் கொண்டார். கொட்டகையே அவருக்குக் கல்விக் கூடமாயிற்று. பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிற் சேர்ந்து பல வேடங்களும் புனைந்து பயின்றார்.

1936 ஆம் ஆண்டு வெளிவந்த ‘சதிலீலாவதி’ முதலிய படங்களால் அவர் புகழ் பரவியது. உடன் நடித்த டி. ஏ. மதுரம் அம்மையார் அவருக்கு வாழ்க்கைத் துணையும் ஆனார். இருவரும் தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்து நடித்தனர். பிறர் உடற்குறையைப் பழித்தோ, இழிசொல் கூறியோ சிரிக்க வைப்பதை அவர் விரும்பவில்லை. மூடப் பழக்கம், குடிப்பழக்கம், சாதிச் செருக்கு ஆகியவற்றையே நகைப்புக்கு உரியன ஆக்கினார். 1949 ஆம் ஆண்டு வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில் அவர் நிகழ்த்திய ‘கிந்தனார்’ காலட்சேபம் இதற்குச் சான்று. நந்தனார் தில்லையைக் காண ஏங்கினார்; கிந்தனோ கல்வியை நாடிப் பட்டணம் செல்கிறான். ஒடுக்கப்பட்ட சிறுவன் கல்வியால் உயரலாம் என்னும் உண்மையை, சிரித்துக் கொண்டே மக்கள் உணர்ந்தனர்.

புகழின் உச்சியில் இருந்தபோது பெருந்துன்பம் ஒன்று அவரைச் சூழ்ந்தது. 1944 ஆம் ஆண்டில் சென்னையில் இதழாசிரியர் இலட்சுமிகாந்தன் கொலையுண்டார். அவ்வழக்கில் எம். கே. தியாகராச பாகவதரும் கிருஷ்ணனும் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைத் தண்டனை பெற்றனர். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. மீண்டும் விசாரிக்கப்பட்டு, 1947 ஆம் ஆண்டில் இருவரும் விடுதலை பெற்றனர். சிறையில் ஆண்டுகள் கழிந்தன, செல்வம் கரைந்தது. மதுரம் அம்மையார் நாடகக் குழுவை நடத்திக் குடும்பத்தைக் காத்தார். இத்தகைய இடருற்றவர் உலகின்மீது வெறுப்புக் கொள்ளுதல் இயல்பே. ஆனால், அவரோ பழைய சிரிப்போடு மீண்டு வந்தார். தாம் அழ நேர்ந்த பின்னும் பிறரைச் சிரிக்க வைத்தமையே அவர்தம் பெருமைக்குச் சிகரம் எனலாம்.

பின்னர் ‘மணமகள்’, ‘பணம்’ ஆகிய படங்களை அவர் இயக்கினார். காந்தியடிகளின் வரலாற்றை வில்லிசையாக நிகழ்த்தினார். திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த இளைஞர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து ஊக்குவித்தார். அவ்விளைஞர் வில்லிசைக்கே வாழ்வை ஒப்படைத்து, 2021 ஆம் ஆண்டில் பத்மஶ்ரீ விருதுக்கு உரியவர் ஆனார். இல்லையென்று வந்தவர்க்குக் கலைவாணர் இல்லையென்று கூறியதில்லை. பெரும்பொருள் ஈட்டியும், ஈந்து ஈந்து தமக்கென எஞ்சியது சிறிதாகவே வாழ்ந்தார்.

திருவிதாங்கூர் ஆட்சியின்கீழ் இருந்த நாஞ்சில் நாடும், தென்காசியை அடுத்த செங்கோட்டைப் பகுதியும் 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. பத்துத் திங்கள் கழிந்தன. 1957 ஆம் ஆண்டு ஆகஸ்டு 30 ஆம் நாள், தம் நாற்பத்தெட்டாம் அகவையில் கலைவாணர் மறைந்தார். சென்னையிலுள்ள கலைவாணர் அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சிரிப்பு எளிது; பிறர் நெஞ்சைப் புண்படுத்தாத சிரிப்பு அரிது. நகைக்கப்படுபவனும் உடன் சேர்ந்து நகைத்துத் தன் குறையை உணர்ந்து திருந்துவானாயின், அதுவே உயர்ந்த நகைச்சுவை. குற்றாலத்து அருவி தன்னை நாடி வருவாரைக் குளிர்விக்குமேயன்றிக் காயப்படுத்துவதில்லை. கலைவாணரின் நகைச்சுவையும் அத்தகையதன்றோ!