வானத்தைப் பார்த்துச் சொன்ன பொதுமக்கள்

இயற்பியல்னா பெரிய படிப்பு, பெரிய ஆய்வுக்கூடம் எல்லாம் வேணும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 'கேலக்ஸி ஸூ' பற்றித் தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள ஸ்லோன் தொலைநோக்கி லட்சக்கணக்கான விண்மீன் திரள்களைப் படம் எடுத்தது. ஒவ்வொன்றும் சுருள் வடிவமா, நீள்வட்டமா என்று பிரிக்க வேண்டும். அன்றைய கம்ப்யூட்டருக்கு அது சரியாக வரவில்லை. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் கெவின் ஷவின்ஸ்கி ஒரே ஆளாக 50,000 படங்களைப் பார்த்தார். அப்புறமும் மலைபோல் மிச்சம் இருந்தது! எனவே 2007 ஜூலையில் அவரும் கிறிஸ் லின்டாட் முதலிய ஆய்வாளர்களும் படங்களை இணையதளத்தில் போட்டு, பொதுமக்களையே பார்த்துச் சொல்லும்படி கேட்டார்கள். முதல் வருஷத்திலேயே ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்து சுமார் 5 கோடி விடைகள் கொடுத்தார்கள்.

எல்லாரும் சரியாச் சொல்வாங்களா? அதற்காகவே ஒரே படத்தைப் பல பேரிடம் காட்டினார்கள். ஒருவர் தவறினாலும் மற்றவர்களின் விடை அதைச் சரிசெய்துவிடும். தனி ஊசலின் அலைவு நேரத்தைப் பல முறை அளந்து நாம் சராசரி எடுக்கிறோமே, அதே மாதிரிதான்.

சரி, எல்லாரும் ஒரே பக்கமாகத் தவறினால்? சுருள் திரள்களில் இடஞ்சுழியே அதிகம் என்று விடை வந்தது. உடனே அதை நம்பிவிடாமல், சில படங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றிக் காட்டினார்கள். முதல் விடை உண்மையானால் இப்போது வலஞ்சுழி அதிகமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மறுபடியும் இடஞ்சுழிதான் அதிகம்! கோளாறு வானத்தில் இல்லை, பார்க்கிறவர் கண்ணில். இந்த மாதிரிப் பிழை சராசரி எடுத்தால் போகாது, சோதித்தால்தான் தெரியும்.

கண் கண்டுபிடித்ததும் உண்டு. நெதர்லாந்தின் பள்ளி ஆசிரியை ஹானி வான் ஆர்கல், 2007ல் ஒரு திரளுக்குப் பக்கத்தில் விநோதமான திட்டு ஒன்றைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். அது ஒரு பெரிய வாயு மேகம். அந்தத் திரளின் மையம் முன்பு பிரகாசமாக எரிந்தபோது கிளம்பிய ஒளி, மேகத்தை எட்டவே பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. மையம் மங்கிய பிறகும் மேகம் ஒளிர்கிறது.

நாமும் தொடங்கலாம். அடுத்த செய்முறை வகுப்பில் ஸ்டாப் வாட்சை ஆள் மாற்றிப் பிடிப்போம். விடை மாறினால், மாறியது ஊசலா, நாமா?

— ஒன்பதாம் வகுப்பு மாணவி